கானோவில் நின்ற சொட்டு மருந்து

2003ஆம் ஆண்டின் முடிவில் போலியோ கிருமி சொந்த மண்ணிலேயே சுற்றிக்கொண்டிருந்த நாடுகள் உலகத்தில் ஆறுதான். இந்தியா, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், எகிப்து, நைஜர், நைஜீரியா. 1988இல் உலக சுகாதார நிறுவனம் ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது 125 நாடுகளில் ஆண்டுக்கு மூன்றரை லட்சம் குழந்தைகள் முடமாகிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இன்னும் ஓரிரு வருஷத்தில் கதை முடிந்துவிடும் என்று அந்த நிறுவனத்தின் தலைமையகமான ஜெனீவாவில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து வட நைஜீரியாவின் சில மாநிலங்கள், சொட்டு மருந்து பெண் பிள்ளைகளை மலடாக்கும் என்ற குற்றச்சாட்டைச் சொல்லி, அது வேண்டாம் என்று நிறுத்தின. மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. கானோ மட்டும் ஏறக்குறைய பதினொரு மாதம் அசையவில்லை.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: படிப்பறிவில்லாத மக்கள், மதத் தலைவர்களின் பிற்போக்கு, அமெரிக்காமீது வெறுப்பு. இதில் எதுவும் முழுப் பொய் இல்லை. ஆனால் இந்த மூன்றையும் அடுக்கிவிட்டால் ஒரு கேள்விக்கும் விடை கிடைக்காது. கானோவில் வாழும் அதே ஹவுசா இன முஸ்லிம்கள் எல்லைக்கு அப்பால் நைஜரில் சொட்டு மருந்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். செனகலிலும் எகிப்திலும் இந்தோனேசியாவிலும் எந்த மதத் தடையும் எழவில்லை. கானோவிலேயே ஊசி, மாத்திரை, மருத்துவமனை எதையும் யாரும் விலக்கவில்லை. தடையை முன்னின்று கேட்டவரோ படித்த மருத்துவர். அப்படியானால் கானோ மறுத்தது எதை?

என் வாசிப்பில், அவர்கள் மருந்தைவிட அதைக் கொண்டுவந்த கைகளைத்தான் மறுத்தார்கள். அந்தக் கைகளைப் பற்றி அவர்களுக்கு முன்கதை தெரியும்.

1996

1996இன் முதல் மாதங்களில் நைஜீரியாவில் மூளைக்காய்ச்சல் பரவியது. சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே, வறண்ட காற்று வீசும் மாதங்களில் இது அடிக்கடி வரும் நோய். ஆனால் அந்த வருஷம் வந்தது சாதாரண அலை அல்ல. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் கண்டது, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கானோ நகரின் தொற்றுநோய் மருத்துவமனையில் படுக்கை போதாமல் நோயாளிகள் வெளியே கிடந்தார்கள். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அங்கே முகாமிட்டு, விலை குறைந்த, பழகிப்போன குளோராம்பெனிகால் மருந்தைக் கொடுத்துக்கொண்டிருந்தது.

அதே வளாகத்துக்கு அமெரிக்க மருந்து நிறுவனமான ஃபைசரின் குழுவும் வந்தது. டிரோவன் என்ற புதிய நுண்ணுயிர்க்கொல்லியை அவர்கள் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அது அப்போது எந்த நாட்டிலும் விற்பனை அனுமதி பெறாத மருந்து. கானோவில் 200 குழந்தைகளைச் சேர்த்தார்கள். 100 பேருக்கு டிரோவன், மற்ற 100 பேருக்கு ஒப்பீட்டுக்காக செஃப்ட்ரியாக்ஸோன். 11 குழந்தைகள் இறந்தன. டிரோவன் எடுத்த பக்கத்தில் 5, மற்றப் பக்கத்தில் 6. சில குழந்தைகளுக்குக் காது போயிற்று, சிலருக்குக் கை கால் விளங்காமல் போயிற்று. சோதனை முடிந்ததும் குழு கிளம்பிவிட்டது.

இறப்பு விகிதத்தை மட்டும் பார்த்தால் அந்தக் கொள்ளைநோயின் பொதுவான சாவைவிட இது குறைவுதான். ஃபைசரும் கடைசிவரை அதைத்தான் சொன்னது: குழந்தைகள் இறந்தது நோயால், மருந்தால் அல்ல, பெற்றோரிடம் வாய்மொழியாகச் சம்மதம் வாங்கினோம். பெற்றோர்கள் சொன்னது வேறு. தங்கள் பிள்ளை ஒரு சோதனையில் இருக்கிறது என்பதோ, பக்கத்திலேயே பழைய மருந்து இலவசமாகக் கிடைக்கிறது என்பதோ தங்களுக்குச் சொல்லப்படவில்லை என்றார்கள். மருத்துவமனையின் நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்ததாகக் காட்டப்பட்ட கடிதம் பின்னாளில் எழுதி முன்தேதி போடப்பட்டது என்ற குற்றச்சாட்டும் வந்தது.

2000 டிசம்பரில் வாஷிங்டன் போஸ்ட் இதை விரிவாக வெளியிட்டது. 2001இல் குடும்பங்கள் நியூயார்க் நீதிமன்றத்துக்குப் போயின. இடையில் டிரோவனுக்கு அமெரிக்காவில் பெரியவர்களுக்கு மட்டும் அனுமதி கிடைத்து, கல்லீரலைக் கெடுக்கிறது என்று தெரிந்ததும் 1999இல் கடும் கட்டுப்பாட்டுக்குள் போய்விட்டது. ஐரோப்பாவில் விற்பனையே நின்றது. ஆக, 2003இல் கானோவின் ஒரு தகப்பனார், “வெள்ளைக்காரன் நம் பிள்ளைகள்மீது மருந்தைச் சோதித்துப் பார்க்கிறான்” என்று சொன்னால் அது வதந்தி அல்ல. அவர் ஊர் மருத்துவமனையில் நடந்து, வழக்காகவும் ஆன விஷயம். அந்த வழக்கு அப்போது தீராமல் இழுத்துக்கொண்டிருந்தது.

சோதனை நடந்தது போலியோ சொட்டு மருந்தில் அல்லவே, அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு மருத்துவர் கேட்கலாம். ஊர் அப்படிப் பிரித்துப் பார்க்காது. வெளியூர் வண்டி, வெள்ளைக் கோட்டு, இலவச மருந்து, குழந்தைகள் – அவர்கள் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

நான்கு பிள்ளைகள்

குற்றச்சாட்டு ஏன் ‘மலட்டுத்தன்மை’ என்ற வடிவத்தில் வந்தது என்பதற்கு இன்னும் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1988இல் ராணுவ ஆட்சியாளர் பாபங்கிடாவின் அரசு தேசிய மக்கள்தொகைக் கொள்கை ஒன்றைக் கொண்டுவந்தது. ஒரு பெண்ணுக்கு நான்கு பிள்ளைகள் போதும் என்பது அதன் சாரம். கட்டாயம் எதுவும் இல்லை. ஆனால் வடக்கில் அதை வாசித்த விதம் வேறு. நைஜீரியாவில் தலையெண்ணிக்கைதான் அரசியல். மத்திய அரசின் பணம் மாநிலங்களுக்குப் பிரிவதும், நாடாளுமன்ற இடங்கள் அமைவதும் மக்கள்தொகையை வைத்து. ஒவ்வொரு மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் வடக்குக்கும் தெற்குக்கும் இடையே சண்டையாகவே முடிந்திருக்கிறது. (தொகுதி மறுவரையறை பற்றிய பேச்சைக் கேட்டிருக்கும் தமிழ் வாசகர்களுக்கு இந்தப் பதற்றத்தை விளக்க வேண்டியதில்லை, பக்கம்தான் மாறியிருக்கிறது.)

உலக வங்கி, அமெரிக்க உதவி நிறுவனம், ஐ.நா. அமைப்புகள் என்று குடும்பக் கட்டுப்பாட்டுக்குப் பணம் கொடுத்தவர்கள் பெயர்ப்பட்டியலும், போலியோவுக்குப் பணம் கொடுப்பவர்கள் பட்டியலும் பெரும்பாலும் ஒன்றே. கருத்தடை மாத்திரையைக் கொண்டுவந்து யாரும் வாங்காததால், இப்போது அதையே சொட்டாகக் கலந்து கொண்டுவருகிறார்கள் என்று ஒருவர் ஊகித்தால், அந்த ஊகம் தவறு. ஆனால் பைத்தியக்காரத்தனம் இல்லை. உத்தரப்பிரதேசத்தில் இதே காலத்தில் முஸ்லிம் குடும்பங்கள் இதே சந்தேகத்தைச் சொல்லிக் கதவைச் சாத்தின. அங்கே அவர்களுக்கு நினைவிருந்தது 1976இன் நெருக்கடிநிலைக் கால நஸ்பந்தி, அதாவது கட்டாயக் கருத்தடை முகாம்கள்.

ஒரு தேர்தலும் ஒரு போரும்

முன்கதை எவ்வளவு இருந்தாலும் அதை ஒரு ஆணையாக மாற்ற அரசியல் வேண்டும். 2003 அதைக் கொடுத்தது.

மார்ச்சில் அமெரிக்கா ஈராக்குக்குள் புகுந்தது. ஆப்கானிஸ்தானுக்குப் பிறகு இரண்டாவது முஸ்லிம் நாடு. ஏப்ரலில் நைஜீரியாவில் தேர்தல். தென்மேற்கைச் சேர்ந்த கிறித்தவரான ஒபசாஞ்ஜோ மறுபடி அதிபரானார். தோற்றவர் வடக்கின் முகமது புஹாரி. தேர்தலில் முறைகேடு என்று புஹாரி நீதிமன்றம் போனார். வடக்கில் பெரும்பாலானோர் தங்கள் வெற்றி திருடப்பட்டதாகவே நம்பினார்கள். அதே தேர்தலில் கானோ மாநிலத்தில் ஒபசாஞ்ஜோவின் கட்சி தோற்று, புஹாரியின் கட்சியைச் சேர்ந்த இப்ராஹிம் ஷெகராவ் ஆளுநரானார். அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் வாக்கில் வருபவர், நம் முதலமைச்சரைப் போல. ஷெகராவ் முன்பு கணித ஆசிரியர். ஷரியா சட்டத்தை உறுதியாக நடைமுறைப்படுத்துவேன் என்று சொல்லி வென்றவர்.

இந்தச் சூழலில்தான் நைஜீரிய ஷரியா உச்ச மன்றம் என்ற முஸ்லிம் அமைப்பின் தலைவர் டத்தி அகமது பேசினார். கானோவில் தொழில் செய்த மருத்துவர். மேற்கத்திய எதிரிகள் சொட்டு மருந்தில் பெண்களை மலடாக்கும் பொருளையும் எய்ட்ஸ் கிருமியையும் கலந்திருக்கிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை கானோவின் தெருக்களுக்குப் புரியாமல் இருக்குமா? ஒரு பக்கம் பாக்தாத்தில் குண்டு போடுகிறவன் இன்னொரு பக்கம் நம் வீட்டு வாசலில் வந்து உன் பிள்ளைக்குக் கால் போய்விடக் கூடாதே என்று உருகுகிறான்!

ஷெகராவுக்கு இதில் இழப்பு ஒன்றும் இல்லை. மத்திய அரசின் திட்டத்தை நிறுத்தினால் ஒபசாஞ்ஜோவுக்கு அவமானம். மதத் தலைவர்களுக்குத் திருப்தி. செலவு தன் கணக்கில் வராது. பத்துக் குழந்தைகளைப் போலியோவுக்குப் பலி கொடுப்பது, லட்சக்கணக்கான பெண் குழந்தைகள் மலடாவதைவிடக் குறைந்த தீமை என்ற பொருளில் அவர் பேசியது பதிவாகியிருக்கிறது. அந்தப் பத்து யார் வீட்டுப் பிள்ளைகள் என்று அவர் சொல்லவில்லை. கிருமி எங்கே அதிகம் திரியும் என்று எவருக்கும் தெரியும்: சாக்கடை திறந்து கிடக்கும் பழைய நகரச் சந்துகளில், ஆளுநர் மாளிகையில் அல்ல.

மக்களின் சந்தேகத்துக்கு நான் இடம் கொடுக்கிறேன். அந்தச் சந்தேகத்தை முதலாக்கி வியாபாரம் செய்தவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. டத்தி அகமது மருத்துவம் படித்தவர். மருந்தை ஆய்வகத்துக்கு அனுப்பி முடிவு வந்த பிறகு பேசியிருக்கலாம். முதலில் தீர்ப்பு, பிறகு சாட்சி என்று நடந்தது. பாரம்பரியத் தலைமையோ மறுபக்கம் நின்றது. சோகோட்டோ சுல்தானும், எமிர்கள் எனப்படும் பரம்பரை ஆட்சியாளர்களில் பெரும்பாலோரும் தடுப்பு மருந்தை ஆதரித்தவர்கள். வடக்கின் ‘பழைமை’ மருந்துக்கு எதிராக எழுந்தது என்று எழுதுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. எதிர்த்தது புதிய அரசியல், பழைய சிம்மாசனம் அல்ல.

படித்தவர்கள் எதிர்ப்பது கானோவுக்கு மட்டும் உரியதும் அல்ல. 1950களில் காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசி இந்தியாவெங்கும் போடப்பட்டபோது அதை எதிர்த்து எழுதியும் பேசியும் வந்தவர் ராஜாஜி, சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை–ருபெல்லா ஊசி முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் கிளம்பிய பேச்சுக்குப் பயந்து கையெழுத்துப் போட மறுத்தவர்களில் நகரத்துப் படித்த பெற்றோர்கள் நிறைய.

வாசலுக்கு வந்த மருந்து

கானோவின் வீட்டு வாசலில் நின்று பார்த்தால் இன்னொரு காட்சி தெரியும். 2003இல் எடுத்த மக்கள்நலக் கணக்கெடுப்பின்படி, எல்லா வழக்கமான தடுப்பூசிகளும் போட்ட ஒரு வயதுக் குழந்தைகள் நைஜீரியா முழுவதும் 13 சதவீதம்தான். வடமேற்கில், கானோ இருக்கும் பகுதியில், 4 சதவீதம். தட்டம்மையில் பிள்ளைகள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். மலேரியா எல்லா மழைக்காலத்திலும் வந்தது. சுகாதார நிலையத்துக்குப் போனால் மருந்து இல்லை, இருந்தால் காசு. பிரசவத்துக்குக் காசு, காய்ச்சல் மாத்திரைக்குக் காசு. ஆனால் சில மாதங்களுக்கு ஒருமுறை வண்டி வந்து, ஒலிபெருக்கி வைத்து, வீடு வீடாக ஏறி, யாரும் கேட்காத ஒரு மருந்தை இலவசமாகக் கொடுக்கிறார்கள். கொடுக்காவிட்டால் மறுநாளும் வருகிறார்கள். இரண்டு சொட்டுக்கு இவ்வளவு அக்கறையா?

பொது சுகாதார அதிகாரிகளுக்கு இந்தக் கேள்வி நன்றி கெட்டதனமாகப் பட்டது. எனக்கு அந்த ஊரிலேயே கேட்கப்பட்ட மிகச் சரியான கேள்வி இதுதான் என்று தோன்றுகிறது. போலியோ கிருமி தொற்றிய 200 பேரில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் கை கால் விளங்காமல் போகும். ஆகவே ஒரு தாய் தன் தெருவில் போலியோவைக் காண்பது அபூர்வம். தட்டம்மைச் சாவை அவள் வருஷா வருஷம் காண்கிறாள். உலகத்தின் முன்னுரிமை போலியோவாக இருந்ததற்கு அறிவியல் காரணம் உண்டு. அது ஒழிக்கக்கூடிய நோய். ஆனால் அந்தக் கணக்கு ஜெனீவாவின் கணக்கு. கால் விளங்காமல் போவதை இன்னா என்ற ஆவியின் வேலை என்று கருதி அதற்குரிய பரிகாரம் தேடும் வழக்கமும் ஹவுசா ஊர்களில் இருந்தது. நோய்க்கு ஏற்கெனவே ஒரு விளக்கம் இருக்கும் இடத்தில் சொட்டு மருந்து எதற்கு வருகிறது என்பதே பலருக்குத் தெளிவாகவில்லை.

வீட்டுக்குள் நுழைவதிலும் சிக்கல். மணமான பெண்கள் வெளியாருக்கு முன் வராத வீடுகள் கானோவில் அதிகம். ஆண் பணியாளர் முற்றத்தைத் தாண்ட முடியாது. பெண் பணியாளர் உள்ளே போகலாம், ஆனால் கணவன் சம்மதம் இல்லாமல் மனைவி பிள்ளையை வாயைத் திறந்து காட்டச் சொல்ல மாட்டாள். ஆரம்ப வருஷங்களில் குழுக்களில் உள்ளூர்ப் பெண்கள் போதுமான அளவு இல்லை. வெளியூர் இளைஞர்கள் நாள்கூலிக்கு வந்து கணக்கு முடித்துப் போனார்கள். இதன் விளைவு ஒரு சாமர்த்தியமான உடன்பாடு. சொட்டு போட்ட பிள்ளையின் சுண்டுவிரல் நகத்தில் மை வைப்பது நம் ஊரில் உள்ளதே. கானோவில் சில வீடுகளில் மையை மட்டும் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். பணியாளருக்கும் அது வசதி. சண்டை இல்லை, கணக்கு சரியாகிவிடும். கதவில் சுண்ணக்கட்டிக் குறி, விரலில் மை, பதிவேட்டில் 90 சதவீதம். பிள்ளையின் வயிற்றில் ஒன்றும் இல்லை.

ஆய்வகங்களின் சண்டை

தடை வந்த பிறகு எல்லோரும் ஆய்வகத்தைத் தேடினார்கள். ஸாரியாவின் அகமது பெல்லோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒரு மருந்தியல் அறிஞர் மாதிரிகளை இந்தியாவுக்கு எடுத்துவந்து சோதித்து, எஸ்ட்ராடியால் என்ற பெண்மைச் சுரப்பின் தடயம் இருப்பதாகச் சொன்னார். கானோ அமைத்த குழுவும் அப்படியே சொன்னது. மத்திய அரசு முஸ்லிம் தலைவர்களையும் சேர்த்துக்கொண்டு ஒரு குழுவை வெளிநாட்டு ஆய்வகங்களுக்கு அனுப்பியது. மருந்து பாதுகாப்பானது என்று அறிக்கை வந்தது. கானோ அதை ஏற்கவில்லை.

இங்கே வேதியியலைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். வாய்வழி சொட்டு மருந்தில் இருப்பது வலுவிழக்கச் செய்யப்பட்ட உயிருள்ள கிருமி. அதை வளர்ப்பது குரங்கின் சிறுநீரகச் செல்களில். அந்தச் செல்களுக்குத் தீனி கன்றுக்குட்டியின் ரத்தச் சீரம். எந்த ரத்தச் சீரத்திலும் இயற்கையாகவே சுரப்புகள் துளித்துளியாக இருக்கும். மிக நுட்பமான கருவியைக் கொண்டு தேடினால் ஒரு தடயம் தட்டுப்படலாம். ரத்தத்துக்கென்று வடிவமைத்த சோதனையை மருந்தில் செய்தால் பொய்யாகவும் காட்டலாம். இரண்டு சொட்டில் இருக்கக்கூடிய அந்த அளவு யாரையும் எதுவும் செய்யாது. தாய்ப்பாலிலேயே அந்தச் சுரப்பு இருக்கிறது. ‘இருக்கிறதா இல்லையா’ என்று கேட்டால் கானோவுக்குச் சாதகமாகச் சிலவேளை பதில் கிடைக்கும். ‘எவ்வளவு’ என்று கேட்டால் வாதமே இல்லை. அந்த இரண்டாவது கேள்வியை வானொலியில் யாரும் நின்று விளக்கவில்லை. மத்திய அரசு ‘எதுவுமே இல்லை’ என்று அடித்துப் பேசியது. ஒரு தடயம் காட்டினால் போதும், அரசு பொய் சொன்னதாக ஆகிவிடும்.

மூன்று, நான்கு ஆய்வறிக்கைகள் வந்தும் ஒரு மனமும் மாறாததற்குக் காரணம், கேள்வி ஆய்வகத்தில் தொடங்காததுதான்.

பாண்டுங்கிலிருந்து வந்த பெட்டிகள்

முடிச்சு அவிழ்ந்தது அரசியலில். மலேசியாவின் புத்ராஜயாவில் 2003 அக்டோபரில் கூடிய இஸ்லாமிய நாடுகளின் அமைப்பு போலியோ ஒழிப்புக்கு ஆதரவாகத் தீர்மானம் போட்டது. அதன் பின் மெல்லமெல்ல ஒரு வழி உருவானது: மருந்து முஸ்லிம் நாட்டிலிருந்து வந்தால் ஏற்கலாம். இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் பயோ ஃபார்மா என்ற அரசு நிறுவனம் சொட்டு மருந்து தயாரிக்கிறது. யுனிசெஃப் உலகத்துக்கு வாங்கும் மருந்தில் ஒரு பகுதி ஏற்கெனவே அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. பொருளில் மாற்றம் இல்லை. சேபின் வகை என்று சொல்லப்படும் அதே வலுவிழந்த கிருமி, அதே தரச் சான்று. பெட்டியின் மேல் எழுதியிருந்த ஊர் மட்டும் வேறு.

2004 ஜூலை கடைசியில் ஷெகராவ் பொதுக்கூட்டத்தில் தன் மகளுக்கே சொட்டு மருந்து கொடுத்து முகாமைத் தொடங்கிவைத்தார். அக்டோபரில் ஆப்பிரிக்காவின் 23 நாடுகளில் 8 கோடி குழந்தைகளுக்கு ஒரே நேரத்தில் மருந்து கொடுக்கும் பெருமுகாம். அதன் தொடக்க விழாவுக்கு ஒபசாஞ்ஜோ கானோவுக்கே வந்தார்.

இதை முகம் காப்பாற்றும் நாடகம் என்று எள்ளி எழுதியவர்கள் உண்டு. நாடகம்தான். ஆனால் மருந்து வாங்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை என்பது அந்த மக்களுக்கு அதுவரை ஒருவரும் கொடுக்காத ஒன்று. முதல் மாதமே அதைக் கொடுத்திருந்தால் பத்து மாதம் மிச்சமாகியிருக்கும் என்பது என் எண்ணம்.

அந்தப் பதினொரு மாதத்தில் கிருமி சும்மா இருக்கவில்லை. நைஜீரியாவில் 2003இல் 355 ஆக இருந்த போலியோ நோயாளிகள் 2004இல் 782 ஆனார்கள். மேற்கு, நடு ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் மறுபடி முளைத்தது. சூடானைக் கடந்து சவூதி அரேபியாவுக்கும் ஏமனுக்கும் போனது. ஏமனில் மட்டும் 2005இல் ஏறக்குறைய 480 குழந்தைகள். பிறகு கடல் தாண்டியது. 2005 மார்ச்சில் மேற்கு ஜாவாவின் சுகபூமியில் ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்றுக்குக் கால் விளங்காமல் போயிற்று. இந்தோனேசியாவில் பத்து வருஷமாக இல்லாத நோய். கிருமியின் மரபணு வரிசையைப் பார்த்தபோது அதன் மூலம் வட நைஜீரியா என்று தெரிந்தது. பாண்டுங்கிலிருந்து சுகபூமி நூறு கிலோமீட்டர் தூரம்தான். கானோவுக்கு நம்பகமான மருந்தை அனுப்பிய நாட்டுக்குக் கானோவின் பக்கத்திலிருந்து கிளம்பிய கிருமி போய்ச் சேர்ந்தது. அந்த அலையில் இந்தோனேசியாவில் 300க்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். ஹஜ் பயணிகளின் கூட்டத்தில் பரவுமோ என்று பயந்த சவூதி அரசு, போலியோ உள்ள நாடுகளிலிருந்து வரும் 15 வயதுக்குட்பட்டவர்களுக்குச் சொட்டு மருந்தைக் கட்டாயமாக்கியது. மருந்தை மதத்தின் பெயரால் தடுத்த ஊர்க்காரர்கள் புனிதப் பயணம் போக அதே மருந்தை வாயில் வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

தடை போன பின்

ஆளுநர் ஆணையைத் திரும்பப் பெறலாம். ஊரில் விழுந்த பேச்சைத் திரும்பப் பெற முடியாது. தடை நீங்கியும் 2005இல் நைஜீரியாவில் 830 பேர், 2006இல் 1,100ஐத் தாண்டியது. கதவைச் சாத்திய வீடுகள் சாத்தியபடியே இருந்தன.

திட்டம் உருப்படியாக மாறத் தொடங்கியது 2006இல். சொட்டு மருந்தோடு தட்டம்மை ஊசி, குடற்புழு மாத்திரை, கொசுவலை, சோப்பு என்று சேர்த்துக் கொண்டுபோனார்கள். ‘மற்ற நோய்க்கு என்ன கொடுத்தாய்’ என்ற கேள்விக்கு முதன்முறையாகக் கையில் ஒரு பதில் இருந்தது. 2009இல் வடக்கின் பாரம்பரியத் தலைவர்கள் குழு அமைத்து, எமிருக்குக் கீழே மாவட்டத் தலைவர், கிராமத் தலைவர் என்ற பழைய ஏணி வழியாகவே மறுத்த வீடுகளின் பட்டியல் இறங்கியது. போலியோவால் கால் போனவர்கள், கையால் சுழற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டிகளில் வந்து, “என்னைப் பார்” என்று பேசினார்கள். மதரஸா ஆசிரியர்கள், முஸ்லிம் பெண்கள் அமைப்புகள் எல்லாம் சேர்ந்தன. இதில் ஒன்றுகூட மருத்துவக் கண்டுபிடிப்பு இல்லை.

இடையிடையே பழைய புண்ணைக் கீறிவிடும் வேலையையும் பெரியவர்களே செய்தார்கள். தடுப்பு மருந்தின் கிருமியே சில இடங்களில் மாறி முடக்கும் சக்தியைத் திரும்பப் பெற்று, வட நைஜீரியாவில் 2005 முதல் பரவிக்கொண்டிருந்தது. குறைவாகத் தடுப்பு பெற்ற ஊரில்தான் அப்படி நடக்கும். அதாவது மருந்து மறுக்கப்பட்டதும் அதற்கு ஒரு காரணம். ஆனால் அதிகாரிகள் 2007 வரை அதை வெளியே பெரிதாகச் சொல்லவில்லை. வதந்திக்குத் தீனி ஆகிவிடுமே என்ற பயம். மறைத்தது தெரிந்தபோது கிடைத்த தீனி அதைவிடப் பெரிது. 2011இல் பாகிஸ்தானில் ஒசாமா பின் லேடனைத் தேட அமெரிக்க உளவு நிறுவனம் போலியான மஞ்சள்காமாலைத் தடுப்பூசி முகாம் நடத்தியது அம்பலமானது. டத்தி அகமது 2003இல் சொன்னதற்கு ஆதாரமாக எதுவுமே இல்லை. ஆனால் அவர் வகைப் பேச்சுக்கு எட்டு வருஷம் கழித்து ஒரு வல்லரசு தானாக வந்து சாட்சி சொன்னது.

2013 பிப்ரவரியில் கானோவில் இரண்டு சுகாதார நிலையங்களில் புகுந்த துப்பாக்கிக்காரர்கள் ஒன்பது சொட்டு மருந்துப் பெண் பணியாளர்களைச் சுட்டுக் கொன்றார்கள். உள்ளூர்ப் பெண்கள். முற்றத்தைத் தாண்டி உள்ளே போக முடிந்தவர்கள்.

டிரோவன் வழக்கில் 2009இல் ஃபைசர் கானோ மாநிலத்துடன் 7.5 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது, தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமல். 2011இல் முதல் நான்கு குடும்பங்களுக்குத் தலா 1,75,000 டாலர் கிடைத்தது. தங்கள் பிள்ளைதான் அந்தச் சோதனையில் இருந்தது என்று நிரூபிக்க அவர்கள் மரபணுச் சோதனைக்கு எச்சில் கொடுக்க வேண்டியிருந்தது.

காட்டுவகைப் போலியோ, அதாவது மருந்திலிருந்து வராத இயற்கைக் கிருமி, நைஜீரியாவில் கடைசியாகக் காணப்பட்டது 2016இல், போகோ ஹராம் என்ற ஆயுதக் குழுவின் பிடியில் இருந்த போர்னோ மாநிலத்தில். 2020 ஆகஸ்ட் 25இல் ஆப்பிரிக்கக் கண்டமே அதிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. நைஜீரியாவில் மருந்திலிருந்து மாறிய இரண்டாம் வகைக் கிருமி மட்டும் மிச்சம். அதற்கென்று எளிதில் மாறாதபடி திருத்தி அமைத்த புதிய சொட்டு மருந்தை 2021 மார்ச்சில் முதலில் பயன்படுத்திய நாடுகளில் நைஜீரியாவும் ஒன்று. தயாரித்தது பாண்டுங்கின் பயோ ஃபார்மா. வழக்கமான தடுப்பூசிகள் இன்னும் எட்டாத வடமேற்கு மாநிலங்களில் அந்த இரண்டாம் வகை அதற்குப் பிறகும் தலைகாட்டிக்கொண்டிருக்கிறது.